உயிரோடிருப்பதற்கான அறிகுறி

வாரிசு தேடித் தருவது என் பிழைப்பு.
மரிபோரில் யாராவது உயில் எழுதாமல் இறந்தால்
கோப்பு என் மேசைக்கு வரும்.
ஓடிப்போன தங்கை, ஒன்றுவிட்ட பேரன்,
பெயரை மாற்றிக்கொண்டு கப்பலேறிய மருமகன்,
எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பேன்.

இன்று காலை எட்டு மணிக்கு
எனக்கே பதினோரு சொத்துகள் வந்திருந்தன.
முன்பின் தெரியாத தளபதி ஒருவரின் விதவை
நாற்பது லட்சம் டாலரை என் பெயருக்கு எழுதியிருந்தாள்.
கடவுள் பயம் உள்ள வங்கி மேலாளர் ஒருவர்
யாரிடமும் மூச்சு விடாதே என்றார்.
மற்றபடி
முழங்கால் வலிக்கு எண்ணெய்,
முடி முளைக்க வைக்கும் தொப்பி,
நான் வாங்கவே வாங்காத ஏதோ ஒரு பொட்டலம்
சுங்கத்தில் சிக்கியிருப்பதாக மூன்றாம் நினைவூட்டல்.

கணினி பார்க்கும் ஆல்யாஷ் வந்தான்,
கையில் பாதி கடித்த ரொட்டியோடு.
கடைக்காரர்களுக்கெல்லாம் இந்த முகவரியைக் கொடுக்காதே நெவெங்கா,
அதற்கென்று வேறொன்று வைத்துக்கொள்.
தெரிந்த கடை என்றால் விலகல் பொத்தானை அழுத்து.
தெரியாதவன் என்றால் அதைத் தொடாதே.
ஏன் என்றேன்.
தொட்டால்
இங்கே ஒருத்தி உயிரோடிருக்கிறாள் என்று
அவனுக்குத் தெரிந்துவிடும்.

சிரித்துவிட்டேன்.
பதினேழு வருடமாக எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
முகவரி முகவரியாகத் தட்டி
கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்,
உள்ளே யாராவது இருமுகிறார்களா என்று.

ஒட்டிலியா ஃபெர்க், எண்பத்தொன்பது வயது,
பிப்ரவரியில் போனாள்.
அண்ணன் பேரன் ஒருவன் கிராட்ஸில் டிராம் ஓட்டுகிறான், சில்வெஸ்டர்.
பதிவுத் தபால் இரண்டும் திரும்பி வந்தன, வீடு மாறிவிட்டானாம்.
மின்னஞ்சலில் நான்கு முறை எழுதினேன்:
மதிப்பிற்குரிய ஐயா,
நீங்கள் அறியாத உறவினர் ஒருவர் உங்களுக்குச் சொத்து விட்டுச் சென்றுள்ளார்.
அவசரம். உடனே தொடர்புகொள்ளவும்.

அனுப்பிய பிறகு வாசித்துப் பார்க்கிறேன்.
என் பெயரைப் போட்டுக்கொண்டு
தளபதியின் விதவை உட்கார்ந்திருக்கிறாள்.

நான்கும் எங்கே விழுந்திருக்கும் என்று
எனக்குத் தெரியாதா.
எண்ணெய்க்கும் தொப்பிக்கும் நடுவில்
ஒட்டிலியா முப்பது நாள் கிடப்பாள்.
பிறகு தானாக அழிந்துபோவாள்,
முதல் முறை போலவே, ஆள் துணை இல்லாமல்.

ஐந்தாவது கடிதத்தில்
அவசரத்தை எடுத்தேன், ஐயாவை எடுத்தேன்.
இணைப்பு, சுட்டி எதுவும் வைக்கவில்லை.
பொய் லட்சத்துக்குக் கீழே இறங்கிப் பேசாது.
சில்லறை உண்மையிடம்தான் இருக்கும்.
தலைப்பில் பேரிக்காய் மரங்கள் என்று மட்டும் போட்டேன்.

உங்கள் தாத்தாவின் தங்கை விட்டுப்போனது
பேரித் தோப்பில் கால் பங்கு. ஒன்பது மரம், அதில் இரண்டு பட்டுவிட்டது.
நிலவரி பாக்கி நூற்றுப் பன்னிரண்டு யூரோ.
கதவு சாத்த முடியாத அலமாரி ஒன்று.
நாய் பக்கத்து வீட்டில் இருக்கிறது, பெயர் சுல்தான், காது கேட்காது.
எதுவும் வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்,
விலகுவதற்கும் எங்களிடம் படிவம் உண்டு.

ஒரு வாரம் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் குப்பையைக் கொட்டும் முன்
ஒருமுறை கிளறிப் பார்ப்பது வழக்கம்;
வாசிக்காமல் கோப்பை மூடத் தெரியாதவள் நான்.
ஆல்யாஷ் போட்டுத் தந்த புது வடிகட்டி
அந்த வாரம் முந்நூற்று ஆறு பேரைத் தள்ளியிருந்தது.
நடுவில் ஒன்று.
விளிப்பு இல்லை, தலைப்பு இல்லை, அடியில் பெயரும் இல்லை.

நாய்க்கு என்ன வயது?

அனுப்பிய நேரம் அதிகாலை நாலு இருபது.
முதல் டிராம் கிளம்புவதற்குச் சற்று முன்பாக இருக்கும்.

பதினொன்று என்று எழுதினேன்.
இடது பக்கமாக நின்று கையை ஆட்டினால் வருவான் என்றும்.
ஆல்யாஷிடம் சொல்லவில்லை.